அப்பாவின் நெஞ்சுப் படமும் தூரத்துக் கருக்களும்

1980 பிப்ரவரி 16, சூரிய கிரகணம். கர்நாடகத்தில் சூரியன் முழுசாக மறைந்தது. ராசிபுரம் பக்கத்தில் எங்கள் ஊரில் பெரும்பகுதி. ஊரே கதவைச் சாத்திக்கொண்ட பிற்பகலில், நானும் அண்ணனும் வாசலில் நின்று அப்பாவின் எக்ஸ்ரே படத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு சூரியனைப் பார்த்தோம். விசைத்தறிப் பஞ்சுத்தூசி ஏறிய நெஞ்சுக்கூட்டின் வழியே ஒரு பிறை தெரிந்தது. "உள்ள வாங்கடா, கண்ணு போயிரும்டா" என்று அம்மா கத்தினாள். அம்மா சொன்னதுதான் சரி. அப்படிப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு என்பது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அறிவியலின் வரலாறு பெரும்பாலும் 'பார்த்தல்' பற்றிய வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் காலக்ஸிகளின் நடுவேயிருக்கும் கொந்தளிப்பான கருக்களை எக்ஸ் கதிரால் அறிந்த கதையோ பார்க்க முடியாமையின் கதை. 1943இல் கார்ல் சைஃபர்ட் சில காலக்ஸிகளின் நடுப்புள்ளி விபரீதமாகப் பிரகாசிப்பதை எழுதினார். 1962 ஜூனில் நிலவிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறதா என்று தேடிப்போன ஒரு ராக்கெட், தேடாத இடத்தில், விருச்சிக ராசியில் ஒரு மூலத்தைக் கண்டது. 1963இல் மார்ட்டின் ஷ்மிட், 3சி 273 என்ற 'நட்சத்திரம்' நட்சத்திரமே அல்ல, வெகுதொலைவிலுள்ள குவாசார் என்று காட்டினார். பிற்பாடு அதிலிருந்தும் எக்ஸ் கதிர் வருவது தெரிந்தது.

எந்த எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியிலும் அந்தக் கரு வெறும் புள்ளிதான். அப்புறம் அதன் அளவை எப்படிச் சொன்னார்கள்? கொல்லிமலை அடிவாரத்தில் தீவட்டியோடு ஒரு வரிசை நிற்பதாக வைத்துக்கொள்வோம். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது ஒரே வெளிச்சப் பொட்டு. 'அணை' என்கிற சொல் வாய்க்கு வாய் போய்த்தான் வரிசை முழுக்க அணைய வேண்டும். வெளிச்சம் ஒரு மூச்சில் அணைந்தால், வரிசை நீளமாக இருக்க முடியாது. ஒளியைவிட வேகமாகப் போகும் சொல் எதுவும் கிடையாது. ஆகவே சில மணி நேரத்தில் ஏறி இறங்குகிற கரு, சில ஒளிமணி அகலத்துக்குமேல் போகாது. அது ஏறத்தாழ நம் சூரியக் குடும்பத்தின் அளவு. அத்தனை சின்ன இடம் ஒரு காலக்ஸியின் மொத்த நட்சத்திரங்களையும் தோற்கடிக்கிறது. அங்கே பொருள் விழுந்துகொண்டிருக்கும் ராட்சதக் கருந்துளை இருக்கிறது என்ற முடிவுக்கு இந்த மினுக்கலும் ஒரு முக்கியச் சாட்சி.

ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயில் கதிர் வெளியிலிருந்து வருகிறது, உடம்பு நிழலாகிறது. இங்கே நோயாளியே கதிர் விடுகிறான். அதனால் இது படம் பிடிப்பதல்ல, நாடி பிடிப்பது என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் நாடிக்கு ஒரு தாளம் உண்டு. 1983இல் ஏவப்பட்ட எக்ஸோசாட் இடைவிடாமல் நெடுநேரம் பார்த்தபோது தட்டுப்பட்டது தாளமற்ற ஏற்ற இறக்கம்தான். கருந்துளை கனக்கக் கனக்க அது நிதானப்படுகிறது. கருந்துளையைச் சுற்றும் வட்டிலிருந்து புறப்படும் புற ஊதா ஒளி, அதிவெப்ப எலக்ட்ரான் மூட்டத்தில் மோதி எக்ஸ் கதிராக ஏறுகிறது என்பது இன்றைய விளக்கம். அந்த மூட்டத்துக்குப் பெயர் கொரோனா. முழு கிரகணத்தில் சூரியனைச் சுற்றித் தெரிகிறதே, அதனிடம் கடன் வாங்கிய பெயர்.

பெயர்களிலும் ஓர் அரசியல் இருக்கிறது. எக்ஸ் கதிருக்கென்றே அமைந்த முதல் துணைக்கோள் 1970 டிசம்பர் 12 அன்று கென்யக் கடலோர மேடையிலிருந்து போனது. கென்யாவின் விடுதலை நாள் என்பதால் அதற்கு 'உகுரு' என்று பெயர், சுவாகிலியில் விடுதலை. கருவி அமெரிக்காவினுடையது, மேடை இத்தாலியினுடையது, கென்யாவுக்குப் பெயர் மட்டும். 1999இல் போன 'சந்திரா'வும் இந்த வகைதான். சென்னையில் படித்து, 1953இல் அமெரிக்கக் குடிமகனான சந்திரசேகரின் பெயர் அது. 'நம்ம ஆளு' என்று மார்தட்டியதோடு நம் வேலை முடிந்துவிட்டது.

பெயரைக் கடந்து கருவிக்குப் போக நாளாயிற்று. எக்ஸ் கதிரைக் காற்றுமண்டலம் விழுங்கிவிடுவதால், ஜவ்வாது மலையில் காவலூர் இருந்தும் இதற்குப் பயனில்லை. 1975 ஏப்ரல் 19இல் சோவியத் மண்ணிலிருந்து போன ஆரியபட்டாவில் எக்ஸ் கதிர்ச் சோதனை இருந்தது. மின்சாரக் கோளாறால் சில நாளிலேயே நின்றது. பிறகு நாற்பது வருஷம். 2015 செப்டம்பர் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆஸ்ட்ரோசாட் போனது. காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் புற ஊதாத் தொலைநோக்கியும், டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் எக்ஸ் கதிர்க் கருவிகளும் ஒரே கூட்டில். இது வெறும் சௌகரியம் அல்ல. மாறிக்கொண்டேயிருக்கும் ஒன்றை இன்று புற ஊதாவிலும் அடுத்த மாதம் எக்ஸ் கதிரிலும் பார்த்தால் இரண்டும் ஒட்டாது. எது எதை மூட்டுகிறது என்று கேட்க, ஒரே நேரத்தில் பார்த்தாக வேண்டும்.

"இதெல்லாம் மேற்கின் சொல்லாடல், நமக்கெதுக்குங்க?" என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே என்பவர்களும் உண்டு. இருவருமே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க மறுப்பவர்கள். அப்பாவின் படத்தோடு ஒரு சீட்டு இருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை ஒருத்தரும் அவருக்குப் படித்துச் சொல்லவில்லை. தன் நெஞ்சில் என்ன இருந்தது என்று தெரியாமலே போய்ச் சேர்ந்தார். ஆஸ்ட்ரோசாட் தரவுகள் 2018 முதல் பொதுவில் கிடக்கின்றன. நாமக்கல் கல்லூரி ஒன்றில் படிக்கிற பிள்ளை இன்றைக்கே எடுத்துப் பார்க்கலாம். சீட்டில் எழுதியிருப்பதை அதன் மொழியில் யார் படித்துச் சொல்லப்போகிறோம் என்பதுதான் இப்போது என் கேள்வி.