வீரபாஞ்சானில் கடைந்த லென்ஸ்

1940 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வானத்தில் சுடப்பட்ட ஒரு ஹரிக்கேன் போர் விமானத்தில், கார்டன் கிளீவர் என்ற விமானி பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் உட்கார்ந்திருந்தார். நொறுங்கிய விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் சில்லுகள் இரண்டு கண்களிலும் பாய்ந்தன. ஒரு கண் போயிற்று. மற்றதில் சில்லுகள் தங்கிவிட்டன. கண் அவற்றை வெறுக்கவில்லை, சீழ் பிடிக்கவில்லை. கண் மருத்துவர் ஹரோல்ட் ரிட்லி இதை மனதில் போட்டு வைத்தார். 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸை, கண்புரை எடுத்த ஒரு பெண்ணின் கண்ணுக்குள் வைத்தார். பவர் கணக்கு தப்பி அந்த அம்மாளுக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்தது. கண்ணுக்குள் அந்நியப் பொருளை வைப்பதா என்று சக மருத்துவர்கள் பல ஆண்டுகள் அவரைத் தூற்றினார்கள்.

அந்த லென்ஸை மதுரையில் செய்ய நாற்பதாண்டுக்கு மேல் ஆனது. 1976இல் அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு, பதினோரு படுக்கைகளில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போது ஏழைகளுக்குப் புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பதுதான் வழக்கம். கண்ணாடி வரப்பில் விழுந்து உடைந்தால் மறுபடி பார்வை இல்லை. வெளிநாட்டு லென்ஸின் விலை சுமார் நூறு டாலர். கண் கேம்புக்கு வருகிறவருக்கு அது கனவு. அதனால் 1992இல் சேவா அறக்கட்டளையின் டேவிட் கிரீன் உதவியோடு, லென்ஸை இங்கேயே செய்ய ஆரோலேப் பிறந்தது. விலை பத்து டாலருக்கு இறங்கியது, பிறகு இன்னும் கீழே போனது.

இன்று சிவகங்கை சாலையில் வீரபாஞ்சானில் இருக்கிறது அந்தத் தொழிற்கூடம். பிளாஸ்டிக் வில்லையைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து, நுண்ணிய கண்ணாடி மணிகளோடு உருளையில் உருட்டி மெருகேற்றுகிறார்கள். ஆறு மில்லிமீட்டர் அகலம், இரண்டு பக்கமும் மீசை போல வளைந்த கொக்கி. சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள் நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்குகிறார்கள்.

மலிவாகச் செய்தால் போதுமா, சோடாபுட்டியைவிட லென்ஸ் உண்மையிலேயே மேலா என்று மதுரையிலேயே சோதித்தார்கள். 40 முதல் 75 வயது வரையிலான 3400 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு லென்ஸ், இன்னொரு பிரிவுக்குக் கண்ணாடி. 1998இல் முடிவு வெளியானது, லென்ஸ் ஜெயித்தது. ஆனால் அவை வளர்ந்து முடிந்த கண்கள்.

குழந்தையின் கண் வேறு. பிறக்கும்போது அதன் நீளம் சுமார் 17 மில்லிமீட்டர், வளர்ந்தபின் 23. இன்றைக்குச் சரியாக இருக்கும் பவர் நாலு வருஷத்தில் தப்பாகிவிடும். அதனால் வேண்டுமென்றே குறைந்த பவரில் லென்ஸ் வைத்து, மீதியைக் கண்ணாடியில் சரிக்கட்டுகிறார்கள். லென்ஸின் பின்னாலுள்ள சவ்வு குழந்தைகளுக்குச் சீக்கிரமே வெளுத்துவிடும் என்பதால், சிறு குழந்தைகளுக்கு அதிலும் ஒரு துளை போட வேண்டும். கைக்குழந்தைக்கு லென்ஸ் வைக்கலாமா என்பது நீண்ட காலம் சோதனையாகவே இருந்தது. அமெரிக்காவில் ஒரு கண்ணில் புரையோடு பிறந்த 114 குழந்தைகளை வைத்து ஆராய்ந்தார்கள். நாலரை வயதில், லென்ஸ் வைத்த குழந்தைகளுக்கும் கான்டாக்ட் லென்ஸ் போட்ட குழந்தைகளுக்கும் பார்வை ஒன்றுதான். லென்ஸ் வைத்தவர்கள் மறுபடி மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியிருந்தது. புதிய பொருள் வந்தவுடன் எல்லோருக்கும் அதை வைக்கத் துடிக்கும் காலத்தில், பொறுக்கச் சொன்ன இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது.

லென்ஸ் உள்ளே போன பிறகுதான் பெரிய வேலை தொடங்குகிறது. பேசத் தெரியாத குழந்தையின் பார்வையை எப்படி அளப்பது? சாம்பல் நிற அட்டை ஒன்று, கோடு போட்ட அட்டை ஒன்று; இரண்டையும் நீட்டினால், கோடு தெரிகிற குழந்தை அந்தப் பக்கம் திரும்பும். கோட்டை மெலிதாக்கிக்கொண்டே போவார்கள். ஒரு கண் சோம்பியிருந்தால் நல்ல கண்ணை ஒட்டுப்பட்டையால் மூட வேண்டும். குழந்தை அதைப் பிய்த்து எறியும், அழும். அம்மா மறுபடி ஒட்டுவாள். உசிலம்பட்டியிலிருந்து மதுரை ஆரப்பாளையத்துக்கும் மேலூரிலிருந்து மாட்டுத்தாவணிக்கும் பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, செக்கப்புக்கு வர வேண்டும். லென்ஸ் விலை இறங்கிய அளவுக்கு இந்தச் செலவு இறங்கவில்லை.

சிகிச்சை தாமதமானாலும் கொஞ்சம் பார்வை கிடைக்கும். டில்லியில் ஆய்வாளர் பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டத்தில், பிறவியிலிருந்தே பார்வையற்றிருந்து 8 முதல் 17 வயதுக்குள் சிகிச்சை பெற்ற ஐவர், கையால் தடவி அறிந்த பொருளை முதலில் கண்ணால் அடையாளம் காண முடியாமல் தவித்தார்கள். சில நாட்களிலேயே முன்னேறினார்கள் என்று 2011இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆனால் கூர்மையான பார்வைக்கு முதல் வாரங்களிலேயே அறுவை சிகிச்சை வேண்டும்: ஒரு கண்ணில் புரை என்றால் ஆறு வாரத்துக்குள், இரண்டிலும் என்றால் இரண்டு மாதத்தை ஒட்டி.

வராமல் தடுக்கவும் ஒரு வழி உண்டு. 1996இல் வெளியான ஆய்வில், அரவிந்தில் அடிபடாமலே புரை வந்த 366 குழந்தைகளில் 15 சதவீதத்துக்குக் காரணம் கர்ப்பத்தில் தாய்க்கு வந்த ரூபெல்லா. தமிழ்நாட்டில் அதற்கான தடுப்பூசி முகாம் 2017 பிப்ரவரியில் தொடங்கியது. பிள்ளைக்கு அந்த ஊசியைப் போட்டுவிடுங்கள். குழந்தையின் கருவிழி நடுவில் வெள்ளை தெரிந்தாலோ, பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெளுத்திருந்தாலோ, கொஞ்சம் வளரட்டும் என்று இருக்காதீர்கள். அது புரையாக இருக்கலாம், கண்ணுக்குள் வளரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். அந்த வாரமே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.