ஊமைத்துரையின் கையில் இருந்த துரும்புகள்

சில வருஷத்துக்கு முன்னாடி பாஞ்சாலங்குறிச்சி பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். ஆபீஸ் வேலை முடிந்து ராத்திரி ராத்திரியாக நாலு மாசம் உழைத்தது. முதல் பத்தியிலேயே ஏழு தேதி, பதினோரு பெயர். கோவில்பட்டியில் பன்னிரண்டாவது படிக்கும் அக்கா மகனிடம் பெருமையாகக் காட்டினேன். மூணாவது பத்தியோடு நிறுத்திவிட்டான்.

"எல்லாம் இருக்கு மாமா. ஆனா ஆளுங்க யாருமே இல்லையே" என்றான்.

சுருக்கென்றது. ஆனால் அவன் சொன்னது சரி. நான் எழுதி வைத்திருந்தது ஒரு லாக் ஃபைல். எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று வரிசையாக இருக்கும். பிரச்சினை வந்தால் தேடிப் பார்க்கலாம், உட்கார்ந்து வாசிக்க முடியாது.

அடுத்து அவன் கேட்டதுதான் ரொம்ப உறுத்தியது. "கட்டபொம்மனைத் தூக்குல போட்டதோட எல்லாம் முடிஞ்சிருச்சுல்ல?"

பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் வளர்ந்த பையன். அவனுக்குத் தெரிந்தது 1959-ல் பி.ஆர். பந்துலு எடுத்த சிவாஜி படம் மட்டும்தான். அதில் வரும் சக்தி கிருஷ்ணசாமியின் வசனத்தை இன்றைக்கும் பள்ளி ஆண்டு விழாக்களில் பேசுகிறார்கள். படத்தை நான் குறை சொல்லவில்லை. வாசிக்க முடியாதபடி நாம் எழுதினால், ஜனங்கள் மனசில் நிற்கிற ஒன்றைத் தேடித்தான் போவார்கள். அதில் விட்டுப்போன பாதி வரலாறு, இல்லாத வரலாறாகவே ஆகிவிடும்.

அந்த விட்டுப்போன பாதி இதுதான். 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் கோட்டையைத் தாக்கினார். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். கோட்டையை இடித்தார்கள். தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். 1801 பிப்ரவரி 2 அன்று அவர் தப்பினார். ஒரு வாரத்தில் கும்பினிப் படை வந்து பார்த்தால், தரைமட்டமாக்கிய கோட்டை மறுபடி எழுந்து நிற்கிறது! சுமார் 500 அடி நீளம், 300 அடி அகலத்தில் ஒரு மண் கோட்டை. மார்ச் 31-ல் நடந்த தாக்குதல் தோற்றது. கர்னல் அக்னியூ தலைமையில் பெரும்படை வந்து, மே 24-ல்தான் கோட்டை விழுந்தது.

இப்ப பாருங்க, மேலே உள்ள பத்தியும் என் பழைய கட்டுரை மாதிரிதான் இருக்கிறது. தேதியெல்லாம் சரி. அந்த மண் சுவருக்குள் இருந்த மனுஷங்க எங்கே?

பதில் எதிரியின் பக்கத்திலிருந்து கிடைத்தது. ஜேம்ஸ் வெல்ஷ் அந்தப் போரில் கும்பினிப் படையில் இருந்த இளம் அதிகாரி. தன் ராணுவ நினைவுகளை 1830-ல் புத்தகமாக வெளியிட்டார். அவர் காட்டும் ஊமைத்துரை ஒல்லியான, நோயாளி போலத் தெரிகிற, பேச்சு வராத மனிதர். சின்னத் துரும்புகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் வைப்பாராம். அது ஆங்கிலேயப் படை. வலது கையைக் குறுக்கே வீசி, வாயால் 'உஸ்' என்று ஓசை எழுப்பி, அத்தனையையும் தள்ளிவிடுவாராம். அதுதான் தாக்குதலுக்கு உத்தரவு.

என் பதினோரு பெயர்களில் ஊமைத்துரையும் இருந்தார். ஆனால் இந்தத் துரும்புகளைப் படித்த பிறகுதான் அவர் எனக்கு ஓர் ஆளாகத் தெரிந்தார்.

கோட்டை விழுந்த பிறகு நடந்ததாக வெல்ஷ் இன்னொன்றும் சொல்கிறார். ஊமைத்துரை காயம்பட்டுப் பிணங்களுக்கு நடுவே கிடக்கிறார். மகனைத் தேடி ஒரு தாய் வருகிறார். மகனுக்கு உயிர் ஊசலாடுகிறது. தன்னை விட்டுவிட்டு ஊமைத்துரையைக் காப்பாற்றச் சொல்கிறான் அவன். பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, உடம்பை வெள்ளைத் துணியால் மூடி, அம்மை கண்டு செத்துப்போனதாகச் சொல்லி ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவர்கள் ஓடியே போனார்கள்.

ஏன் ஓடினார்கள் என்று புரிய ஒரு தகவல் போதும். ஜென்னரின் அம்மைத் தடுப்பூசி இந்தியாவில் முதன்முதலில் போடப்பட்டது 1802-ல், பம்பாயில். இது நடந்தது அதற்கு முந்தின வருஷம். தேதி சுமையாகத் தெரியாமல் போவது இப்படிப்பட்ட இடத்தில்தான். வாசிப்பவர் மனசில் ஒரு கேள்வி எழுந்த பிறகு வருகிற தேதியை அவரே கேட்டு வாங்கிக்கொள்வார்.

இங்கே ஒரு ஆபத்தும் இருக்கிறது. அந்தத் தாய்க்கு ஒரு பெயர் வைத்து, மகனோடு நாலு வரி பேசவிட்டால் கட்டுரை பிய்த்துக்கொண்டு போகும். எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் வெல்ஷே அந்த இடத்தில் நின்று பார்த்தவர் இல்லை. காதில் விழுந்ததைப் பல வருஷம் கழித்து எழுதியவர். அதன்மேல் நானும் ஒரு அடுக்கு ஏற்றினால் கடைசியில் மிஞ்சுவது என் கற்பனைதான். அதனால் "என்று வெல்ஷ் சொல்கிறார்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அந்த மூன்று சொல் கதையின் வேகத்தைக் குறைக்கவே இல்லை.

ஊமைத்துரை பிறகு மருது சகோதரர்களோடு சேர்ந்து போராடினார். 1801 நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியிலேயே அவரைத் தூக்கிலிட்டார்கள். கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள். இன்றைக்கு நாம் போய் போட்டோ எடுத்துக்கொள்கிற கோட்டை, தமிழக அரசு 1974-ல் கட்டிய நினைவிடம்.

கட்டுரையைத் துரும்புகளில் தொடங்கித் திரும்ப எழுதினேன். தேதி எதையும் தூக்கவில்லை, இடம்தான் மாற்றினேன். அக்கா மகன் இந்தத் தடவை கடைசி வரி வரைக்கும் வாசித்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்:

"அந்த அம்மா திரும்பிப் போயி மகனைப் பாத்துச்சா மாமா?"

அடுத்த லீவுக்கு ரெண்டு பேரும் பாஞ்சாலங்குறிச்சி போகிறோம்.