வசீர் எழுதிய 42ஆம் அத்தியாயம்

அரசாட்சியைப் பற்றி ஆண்கள் எழுதிய நூல் கையில் கிடைத்தால், பெண்களைப் பற்றிய அத்தியாயத்தை முதலில் புரட்டுவது என் வழக்கம். எழுதியவர் எதற்கு அஞ்சினார் என்பது அங்கே தெரிந்துவிடும். பதினோராம் நூற்றாண்டுப் பாரசீக நூலான ‘சியாசத்நாமா’வில் அது 42ஆம் அத்தியாயம். எழுதியவர் சல்ஜூக் பேரரசின் வசீர், நிசாமுல் முல்க்.

வசீர் என்றால் முதலமைச்சர். 1018இல் குராசானின் தூஸ் பகுதியில் பிறந்த ஹசன் இப்னு அலிக்கு, ‘அரசின் ஒழுங்கு’ என்று பொருள்படும் நிசாமுல் முல்க் பட்டப்பெயர். அல்ப் அர்ஸ்லான், அவர் மகன் மாலிக் ஷா என இரண்டு சுல்தான்களிடம் கிட்டத்தட்ட 30 ஆண்டுகள் வசீராக இருந்தார். 1072இல் பட்டமேறிய மாலிக் ஷாவுக்குப் பதினெட்டு வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. குதிரையும் வாளும் துருக்கியரிடம் இருந்தன. கணக்கும் கடிதமும் வரியும் வசீரிடம். பாக்தாத், நிஷாப்பூர் முதலான நகரங்களில் நிசாமிய்யா மதரசாக்களை நிறுவினார். 1091இல் பாக்தாத் மதரசாவின் ஆசிரியராகக் கஸ்ஸாலியை அமர்த்தியவரும் அவரே. தன் மகன்களுக்குப் பதவி தரவும் அவர் மறக்கவில்லை.

அந்த அரண்மனையில் அவருக்கு ஈடுகொடுத்து நின்றவர் சுல்தானின் மனைவி தெர்கன் கத்தூன். மத்திய ஆசியாவின் கராகானிய அரச குடும்பத்துப் பெண். தனக்கென்று நிர்வாகமும், தாஜுல் முல்க் என்ற நம்பிக்கையான அதிகாரியும் வைத்திருந்தவர். கலீஃபா அல்முக்ததி அவருடைய மகளைப் பெண் கேட்டபோது, வேறு மனைவியோ அடிமைப் பெண்ணோ வைத்துக்கொள்ளக் கூடாது என்று நிபந்தனை போட்டவர். அடுத்த சுல்தான் யார் என்பதில் இருவருக்கும் மோதல் முற்றியது. தெர்கன் தன் சிறுவயது மகன் மஹ்மூதை முன்னிறுத்தினார். வசீர், ஜுபைதா கத்தூனின் மகன் பர்க்யாரூக்கின் பக்கம் நின்றார்.

‘சியாசத்நாமா’வின் முதல் 39 அத்தியாயங்களுக்குப் பிறகு, வசீர் மேலும் 11 அத்தியாயங்களைச் சேர்த்தார். 42ஆவது அவற்றில் ஒன்று. தெர்கனின் பெயர் அதில் இல்லை. அரசனைக் கெடுத்த பெண்ணுக்கு உதாரணமாகப் பழங்கதையின் சூதாபா வருகிறாள். வாதம் இதுதான்: பெண்கள் திரைக்குள் இருப்பவர்கள், வெளியுலகைத் தம் கண்ணால் காணாதவர்கள், பணியாளர்கள் வந்து சொல்வதை நம்பியே ஆணையிடுவார்கள், அவர்கள் சொல் ஏறினால் நாடு கெடும்.

திரையைப் போட்டவர் யார் என்ற கேள்வியே அதில் எழவில்லை. சுல்தான் மட்டும் நாடு முழுவதையும் தன் கண்ணாலா பார்த்தார்? எல்லாத் திசைகளுக்கும் ஒற்றர்களை அனுப்பு, அவர்கள் கொண்டுவரும் செய்தியை வைத்து ஆட்சி செய் என்று அதே நூல் அவருக்குச் சொல்கிறது. பிறர் சொல்லக் கேட்டு ஆள்வது ஆணுக்கு நிர்வாகம், பெண்ணுக்கு அறிவுக்குறை.

1092 அக்டோபரில் நிசாமுல் முல்க் கொல்லப்பட்டார். இஸ்பஹானிலிருந்து பாக்தாத் போகும் வழியில், நோன்பு திறந்த பிறகு, மகளிர் கூடாரத்துக்குப் பல்லக்கில் போய்க்கொண்டிருந்தவரை மனு கொடுப்பவன்போல் வந்த ஒருவன் குத்தினான். கொன்றவன் இஸ்மாயிலியன் என்றார்கள். சந்தேகம் சுல்தான் மீதும் தாஜுல் முல்க் மீதும்கூட விழுந்தது. சில வாரங்களில் மாலிக் ஷாவும் இறந்தார். தெர்கன் அந்தச் சாவை மறைத்துவைத்து, மஹ்மூதைச் சுல்தானாக ஏற்கும்படி கலீஃபாவை இணங்கவைத்தார். பர்க்யாரூக்கைச் சிறைபிடிக்கவும் ஆளனுப்பினார். அதிகாரம் வேண்டிய ஆண்கள் செய்ததையே அவரும் செய்தார். அவரைப் புனிதராக்க எனக்கு விருப்பமில்லை. வசீரின் படைவீரர்கள் பர்க்யாரூக்கை மீட்டார்கள். 1093இல் தாஜுல் முல்க்கைக் கொன்றார்கள். 1094இல் தெர்கன் இறந்தார். அதே ஆண்டில் மஹ்மூதும் அம்மை கண்டு இறந்தான்.

ஆட்டத்தில் இப்போது அந்தப் பெண் இல்லை. ஆனாலும் நாடு அமைதியடையவில்லை. பர்க்யாரூக்கும் அவர் தம்பி முகம்மதும் ஆண்டுக்கணக்கில் போரிட்டுப் பேரரசைக் குலைத்தார்கள். அந்தப் போரின் நடுவே, 1099இல், ஜுபைதா கத்தூன் எதிர்த்தரப்பிடம் சிக்கினார். வசீர் யாருடைய பக்கம் நின்றாரோ அந்த இளவரசனின் தாய் அவர். அவரைக் கழுத்தை நெரித்துக் கொல்லவைத்தவர் முகம்மதின் வசீர் முஅய்யிதுல் முல்க். நிசாமுல் முல்க்கின் மகன்.