பாண்டி பஜார் நடைபாதை வளாகம்

சென்னை தியாகராய நகரில், பனகல் பூங்காவை ஒட்டிய தியாகராய சாலைக் கடைவீதியில் அமைந்த நடைபாதை வளாகம். சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்ற மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கை, நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் முன்னுரிமை அளித்தது. அக்கொள்கையின் வழியில், சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ் உருவான இவ்வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. வாகனத் தடம் குறுகி, இருபுறமும் நடைபாதை விரிந்தது. மர நிழலில் இருக்கைகள் வந்தன. வாகனம் நிறுத்த அருகிலேயே பல அடுக்கு நிறுத்துமிடம் கட்டப்பட்டது. நடப்போருக்காக இதே தியாகராய நகரில், மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைமேடை 2023 மே மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. அந்நடைமேடையின் நீளம் சுமார் 570 மீட்டர். நெரிசல் மிகுந்த கடைவீதியிலும் நடப்போருக்கு முதலிடம் தர முடியும் என்பதற்கு இவ்வளாகம் தமிழ்நாட்டின் முன்னோடிச் சான்று.