காந்தத்துக்கும் தந்திக்கும் நடுவே

தமிழ் சினிமாப் பாட்டின் சரித்திரம் என்று இதுவரை எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி பாடகர்களின், கவிஞர்களின் சரித்திரம். அதைத் தாண்டினால் ராகங்களின் அட்டவணை. வாத்தியம் எந்தச் சாதனத்தின் வழியாக நம் காதுக்கு வந்து சேர்ந்தது என்பதை ஒரு பிரச்னையாக எடுத்துக்கொண்டவர்கள் அபூர்வம். பேஸ் கிடார் விஷயத்தில் இந்த அலட்சியம் இன்னும் அதிகம். நான் எழுத எடுத்துக்கொண்டிருப்பது பேஸ் கிடாரைப் பற்றிக்கூட அல்ல. அதன் தந்திகளுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் பிக்கப்பையும், அதை ஏற்றி இறக்கும் திருகாணிகளையும் பற்றி. சில்லறை விஷயம் என்று தோன்றலாம். 1980-களில் கொங்குநாட்டுக் கிராமங்கள் எதைக் கேட்டன, எதைக் கேட்கவில்லை என்பது இந்தத் திருகாணிகளில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பிக்கப் ஒலியைக் கேட்பதில்லை. மைக் காற்றின் அசைவை வாங்கிக்கொள்கிறது. பிக்கப்புக்குக் காற்று தேவையில்லை. ஒரு காந்தம், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய தாமிரக் கம்பியால் ஆயிரக்கணக்கான சுற்றுகள், அவ்வளவுதான். இரும்பு கலந்த தந்தி காந்தத்தின் எல்லைக்குள் அதிரும்போது சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831-ல் ஃபாரடே கண்டதுதான். நைலான் தந்தி கட்டினால் அந்தக் கிடார் ஊமை.

தந்தியை நெருங்க நெருங்க இந்த மின்சாரம் வெகுவேகமாகக் கூடும். ஆகவே சத்தம் வேண்டுமென்றால் பிக்கப்பை ஏற்று என்பது வாத்தியக்காரனின் முதல் யோசனை. ஆனால் காந்தம் சும்மா இருக்காது, தந்தியைத் தன்பக்கம் இழுக்கும். தந்தியின் அசைவு கோணலாகும். ஸ்வரம் சீக்கிரம் சாகும். கழுத்தின் உயரமான ஃப்ரெட்களில் ஒரே ஸ்வரம் இரண்டாகப் பிளந்தது மாதிரி நடுங்கும். தடித்த ஈ தந்தியில்தான் இது அதிகம். அதனால் அந்தப் பக்கத்தைச் சற்றுத் தாழ்த்தி வைப்பார்கள். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிவயிற்றுக்கும் காந்தத்தின் தலைக்கும் நடுவே அளந்தால் இரண்டிலிருந்து மூன்று மில்லிமீட்டர் இருப்பது வழக்கம். ஏறக்குறைய ஒரு தீக்குச்சியின் கனம், அல்லது அதற்குக் கொஞ்சம் மேல்.

இந்த இடைவெளிக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1932-ல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கரின் மின்கிடாரில் குதிரைலாட வடிவக் காந்தங்கள் தந்திகளைச் சூழ்ந்து மேலே வளைந்திருந்தன. 1930-களின் நடுவில் சியாட்டிலில் பால் டட்மார்க் என்பவர் ஃப்ரெட் வைத்த மின்பேஸ் ஒன்றைச் செய்து விற்றுப் பார்த்தார், உலகம் கவனிக்கவில்லை. 1951-ல் லியோ ஃபெண்டர் செய்ததுதான் நிலைத்தது. ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். கிடார் வாசிக்கத் தெரியாதவர். (வாசிக்கத் தெரிந்தவராக இருந்தால் இத்தனை துணிச்சல் வந்திருக்குமா என்பது சந்தேகம்.) ஆளுயர பேஸைத் தூக்கிச் சுமந்தவர்களின் முதுகை அது காப்பாற்றியது. முதலில் தந்திக்கு ஒரு காந்தக் கம்பம் இருந்தது. தந்தி நேராக அதன் தலைக்கு மேலே ஆடியதால் ஒவ்வொரு மீட்டும் சுத்தியல் அடிபோல விழுந்தது. 1957-ல் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து, தந்திக்கு இரண்டு கம்பங்கள் வைத்தார்கள். தந்தி அவற்றின் நடுவே போயிற்று, அடியின் முரட்டுத்தனம் தணிந்தது. இரு பாதிகளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டதால் மின்சாரத்தின் ரீங்காரமும் அடங்கியது. நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. ஈ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் உள்ள ஜி ஸ்வரம் 49. பழைய பிக்கப்போடு இங்கே அந்த ஸ்வரத்தை வாசிப்பவன் மின்வாரியத்தோடு ஜோடி சேர்ந்து வாசிக்கிறான்.

கோவைக்கு மின்சாரமும் காந்தமும் வேறு வழியில் வந்தன. 1932-ல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் பீளமேட்டில் மின்மோட்டாரை உள்நாட்டிலேயே செய்தார்கள். அதன் பிறகு மில், பம்புசெட், மோட்டார் காயில் கட்டும் கடை. அன்னூரில் சத்தி ரோடும் அவினாசி–மேட்டுப்பாளையம் ரோடும் வெட்டிக்கொள்கிற இடத்தைச் சுற்றி அப்படிச் சில கடைகள் இருந்தன. 1980-களின் நடுவில் நான் ரிதம் கிடார் வாசித்த மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடாரின் பிக்கப் செத்துப்போனபோது நாங்கள் போனது அங்கேதான். காயில்காரர் பிக்கப்பைக் கையில் வாங்கி, கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு மெல்லிசு தன்னிடம் இல்லை என்றார். அறுந்த முனையைத் தேடிப் பிடித்து ஈயம் வைத்துக் கொடுத்தார். எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று நாங்கள் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்: "தம்பி, மோட்டாருல ரோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவால ஒரு கேப் இருக்குதுங்க. கேப் சாஸ்தியானா இழுவை போயிரும். கொறச்சா ஒரசிக்கும். இதும் அதே சோலிதான்." மின்காந்தத்தைப் பற்றி நான் படித்த பாடப்புத்தகங்கள் எதுவும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

குழுவில் பேஸ் வாசித்த அண்ணன் பிக்கப்பை எப்போதும் உச்சத்தில் வைத்திருந்தார். பிக்கப்புக்கு அடியில் இருந்த ஸ்பாஞ்சு மக்கிப்போனதால் சைக்கிள் ட்யூபை வெட்டி அடைத்திருந்தார். காரணம் இருந்தது. எங்கள் பாட்டு கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது மைக் செட்டின் குழாய் ஸ்பீக்கரில். அந்தக் குழாய் மனிதக் குரலை இரண்டு மைலுக்கு அனுப்பும். 300 சுழற்சிக்குக் கீழே அநேகமாக அதற்கு வாய் கிடையாது. பேஸின் ஈ தந்தி 41, ஏ 55, டி 73, ஜி 98. நான்கு தந்திகளும் திறந்து ஒலிக்கும்போது அடி ஸ்வரம் ஒன்றுகூடக் குழாயைத் தாண்டாது. தாண்டுவது மேலே மிதக்கும் கிளை ஸ்வரங்கள் மட்டும். காது அவற்றைக் கொண்டு இல்லாத அடியை ஓரளவு ஊகித்துக்கொள்ளும், அது காதின் சாமர்த்தியம். அந்த ஊகத்துக்குத் தீனி போடத்தான் பிக்கப் மேலே ஏறியது. ஸ்வரம் நடுங்கினாலும், நீளம் குறைந்தாலும், அடி கேட்டால் போதும்.

கிராமத்துக்குத் தாழ்ந்த ஒலி அந்நியம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. உருமியையும் பறையையும் நெஞ்சால் கேட்ட ஜனங்கள் அவர்கள். மாரியம்மன் நோம்பியில் அந்த ஒலி நேராக உடம்பில் வந்து மோதும். அதே நோம்பியில் குழாய் கட்டியதும் அடி அறுந்துவிடும்.

இந்தப் பின்னணியில்தான் இளையராஜா வருகிறார். 'அன்னக்கிளி' 1976. அடுத்த சில வருஷங்களில் அவர் பாட்டில் பேஸ், தாளத்துக்கு முட்டுக் கொடுக்கும் வேலையை விட்டுவிட்டு, பாடகனின் குரலுக்குப் பதில் சொல்லும் இரண்டாவது குரலாகிறது. வாசித்தவர்களில் முக்கியமானவர் சசிதரன். 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா'வில் கிடாரை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள், கிடார் பழக வந்த பையன்கள் அதைத்தான் முதலில் கேட்டார்கள். அதற்கு அடியில் நடந்துபோகும் பேஸை யாரும் கேட்டு வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. ரசனைக் குறைவு என்று இதைத் தள்ளிவிடுவது சுலபம். அந்தப் பாட்டு அவர்களுக்குக் குழாயிலும் சின்ன ட்ரான்சிஸ்டரிலும்தான் கிடைத்தது. பாட்டின் பாதி சென்னையிலேயே தங்கிவிட்டது. தமிழனுக்கு ஹார்மனி ஒட்டாது, அவன் காது ஒற்றை மெட்டுக்கே பழகியது என்று தீர்ப்பு எழுதிய விமர்சகர்கள் தாங்கள் எந்த ஸ்பீக்கரில் கேட்டார்கள், ஜனங்கள் எந்த ஸ்பீக்கரில் கேட்டார்கள் என்பதையும் எழுதியிருக்க வேண்டும்.

மேடையில் பெட்டி ஸ்பீக்கர் வந்த பிறகு நிலைமை மாறியது. எங்கள் குழுவுக்கு அது தாமதமாகத்தான் வந்தது, அதுவும் வாடகைக்கு. முதல் கச்சேரியிலேயே பேஸ் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டது. இடைவேளையில் அண்ணன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ட்யூப் துண்டுகளில் ஒன்றை உருவிவிட்டு, பிக்கப்பை இறக்கினார். ஈ தந்திப் பக்கம் இன்னும் ஒரு சுற்று. மீட்டிப் பார்த்தார். ஸ்வரம் நடுங்காமல் நீண்டு நின்றது. குழு நடத்தியவர் மேடைக்குப் பக்கவாட்டிலிருந்து, "ஏங்கண்ணு, சத்தம் கொறஞ்சு போச்சே" என்றார். அண்ணன் பதில் சொல்லாமல் அடுத்த பாட்டைத் தொடங்கினார்.