ஓடுபாதை இல்லாத நகரும் விமானியின் ஏணியும்: இலங்கையில் உள்ளூர்ச் சேவையிலிருந்து பெருநிறுவனத்துக்கான பாதை

கண்டியில் பயணிகள் விமானம் இறங்கும் ஓடுபாதை கிடையாது. மகாவலியை மறித்து 1976இல் கட்டி முடிக்கப்பட்ட பொல்கொல்ல அணையின் நீர்ப்பரப்பும், கிழக்கே 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கமுமே இப்பகுதியின் இறங்குதளங்களாகப் பயன்பட்டுள்ளன. அங்கு நீர்விமானம் இறக்கும் இளம் விமானி, கட்டுநாயக்கவிலிருந்து லண்டன் செல்லும் ஏ330இன் விமானியறையை எவ்வழியாக அடைய முடியும் என்ற கேள்வி இலங்கை வான்போக்குவரத்தின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

அந்த வரலாறு தேசிய விமான நிறுவனமான எயார் சிலோனில் தொடங்குகிறது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி ‘சீதா தேவி’ என்ற டீசி-3 ரக விமானம் ரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குப் பறந்தது. 1949இல் அவுஸ்திரேலிய நிறுவனமொன்றின் கூட்டில் லண்டனுக்கும் சிட்னிக்கும் டீசி-4 சேவைகள் தொடங்கின. 1956இல் நெதர்லாந்தின் கேஎல்எம் கூட்டாளியானது. 1962இல் பிரித்தானிய பீஓஏசியின் கொமெட் விமானம் வாடகைக்கு வந்தது. விமானியின் தொழில் ஏணியில் மேற்படிகளான நெடுந்தூரச் சேவைகள் இப்படிப் பிறர் உதவியில் நின்ற காலத்தில் கீழ்ப்படிகளான உள்ளூர்ச் சேவைகள் மட்டுமே நாட்டின் சொந்தச் சொத்தாக இருந்தன. 1964இல் வந்த அவ்ரோ 748உம் 1969இல் வாங்கப்பட்ட ட்ரைடென்ட் ஜெட்டும் இந்த இடைவெளியைக் குறைத்தன. யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு டீசி-3 ஓட்டிய விமானி நிறுவனம் மாறாமலே, சேவை மூப்பை இழக்காமலே ஜெட்டுக்கு ஏறத்தக்க அமைப்பு அப்போது உருவாயிற்று. இலங்கை விமானிகளுக்கு முழுமையான ஏணி இருந்த காலம் என்றால் அது இந்தப் பத்தாண்டே எனலாம்.

அது நீடிக்கவில்லை. 1978 செப்டெம்பர் 7ஆம் திகதி ரத்மலானையில் நின்ற அவ்ரோ விமானம் குண்டுவெடிப்பில் அழிந்தது. எயார் சிலோன் மூடப்பட்டு, 1979 செப்டெம்பர் 1இல் எயார் லங்கா பறக்கத் தொடங்கியது. சிங்கப்பூர் எயார்லைன்ஸிடமிருந்து பெற்ற போயிங் 707 விமானங்களுடன் தொடங்கிய புதிய நிறுவனம் வெளிநாட்டுச் சேவையையே தன் தொழிலாகக் கொண்டது. உள்நாட்டுப் பறப்பு விமானப்படைக்கும் சிறு தனியார் நிறுவனங்களுக்கும் ஒதுங்கிப்போனது. ஒரே நிறுவனத்துக்குள் இருந்த ஏணி இவ்வாறு இரண்டாக முறிந்தது.

உள்நாட்டுப் போர் எஞ்சியதையும் சிதைத்தது. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து ரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயாரின் அன்டனோவ் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த அனைவரும் உயிரிழந்தனர். உள்நாட்டுச் சேவையில் பறப்பு மணித்தியாலம் சேர்ப்பது உயிரைப் பணயம் வைப்பதாயிற்று. ரத்மலானைப் பயிற்சிப் பாடசாலைகளில் வணிக விமானி அனுமதிப்பத்திரம் பெற்றவர்களுக்கு எஞ்சிய வழி, தேசிய நிறுவனம் பயிலுநர்களை நேரடியாக எடுக்கும் வரை காத்திருப்பதுதான். விமானப்படையில் சேர்ந்து, சேவைக்காலம் முடித்து வருவது இன்னொரு வழி.

போர் முடிந்தபின் கீழ்ப்படி மீண்டும் முளைத்தது. விமானப்படையின் ஹெலிடுவர்ஸ் 2009இல் சேவையைப் புதுப்பித்தது. 2013இல் தொடங்கிய சின்னமன் எயாரின் செஸ்னா கரவான் நீர்விமானங்கள் பொல்கொல்லவில் இறங்கின. கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதியில் ஏறத்தாழ 115 கிலோமீற்றர். மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாமல் பிடிக்கும் இப்பயணத்தை அவை அரைமணி நேரத்தில் முடித்தன. மலைகளுக்கிடையே காற்று திசைமாறும் குறுகிய நீர்ப்பரப்பில் இறங்குவது கைத்திறனைக் கூர்மையாக்கும். ஆயினும் பெருநிறுவனத்தின் தேர்வு மேசையில் அந்த மணித்தியாலங்களின் மதிப்பு வேறு. கரவான் ஒற்றை இயந்திரம் கொண்டது. ஒரே விமானியால் இயக்கத்தக்கது. நீர்த்தளத்தில் இறங்குவதும் பகலில், கண்ணால் பார்த்தே. ஏ320க்கு ஆள் எடுப்பவர்களோ பல இயந்திர அனுபவம், கருவி வழிப் பறப்பு, இருவர் இணைந்து இயக்கும் பழக்கம் ஆகியவற்றைத் தேடுகிறார்கள். ஏணியின் கீழ்ப்படிக்கும் அடுத்த படிக்கும் இடையே நாட்டில் நிற்கவேண்டிய டர்போபுரொப் விமானச் சேவை பெரும்பாலும் வெற்றிடமாகவே உள்ளது.

இந்த நடுப்படியின் பெறுமதியை அமெரிக்க அனுபவம் காட்டுகிறது. 2009 பெப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் எயார் என்ற பிராந்திய நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். அதன் விளைவாக 2013இல் துணை விமானிக்கும் பொதுவாக 1500 மணித்தியாலம் கட்டாயமானது. விழுந்த விமானத்தின் விமானிகள் இருவரும் அந்த எண்ணிக்கையை ஏற்கெனவே தாண்டியிருந்தனர் என்பது வேடிக்கையான முரண். எனினும் விதி வந்தபின் பிராந்தியச் சேவைகளுக்கே ஆள் திரட்டுவது கடினமாயிற்று. இலங்கையில் 1500 மணித்தியாலம் பெருவிமானத்தின் கப்டனாவதற்கான மேல்நிலை அனுமதிப்பத்திரத்துக்கே தேவை. துணை விமானிக்குக் கட்டாயமில்லை. பயிலுநர் நேரடியாக ஜெட்டில் அமர இச்சட்ட வேறுபாடே இடமளிக்கிறது.

மேற்படியின் உச்சியும் நாட்டுக்கு வெளியே நகர்ந்துவிட்டது. 1998இல் டுபாயின் எமிரேட்ஸ் எயார் லங்காவின் பங்குகளை வாங்கியது. மறு ஆண்டு நிறுவனம் ஸ்ரீலங்கன் எனப் பெயர் மாறியது. எமிரேட்ஸின் நிருவாகம் 2008இல் முடிந்தபோதும் வளைகுடாவின் ஈர்ப்பு முடியவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் ரூபாய் சரிந்தபோது டொலர் சம்பளம் நாடி விமானிகள் வெளியேறினர். இவர்களில் பலருக்கு ஸ்ரீலங்கனே ‘பிராந்திய நிறுவனம்’ ஆகிவிட்டது எனலாம். ஆனால் சேவை மூப்பு எல்லை தாண்டி உடன்வருவதில்லை. நேரடிக் கப்டன் நியமனம் கிடைக்காதவர் புதிய நிறுவனத்தில் மீண்டும் துணை விமானிக்குரிய வலப்பக்க இருக்கையில், பட்டியலின் அடியில் தொடங்குகிறார்.

இலங்கையில் வெற்றிடமான அந்த நடுப்படி கடலுக்கு அப்பால், இந்தியாவில் இயங்குகிறது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானபின் அங்கு வந்த அலையன்ஸ் எயாரும், 2024 செப்டெம்பரில் வந்த இண்டிகோவும் ஏடிஆர் 72 ரக டர்போபுரொப்களையே இயக்கின. இண்டிகோ அதே பெயரில் ஏ320களையும் பறக்கவிடுகிறது. எயார் சிலோன் 1970களில் வைத்திருந்த அமைப்பும் ஏறக்குறைய இதுவே.