மானியக் கட்டடம் கைமாறும்போது: அமெரிக்க விமான நிலையங்களில் பொதுப்போக்குவரத்து நிலையங்களின் உரிமை

அமெரிக்க நகரம் ஒன்றின் பேருந்துக் கழகம், கூட்டாட்சி அரசின் மானியத்தைக் கொண்டு விமான நிலைய வளாகத்துக்குள் ஒரு பயணியர் நிலையத்தைக் கட்டியிருக்கிறது என்று கொள்வோம். நிலம் விமான நிலையத்துடையது; கட்டடம் கழகத்துடையது. சில ஆண்டுகளில் பராமரிப்புச் செலவு ஏறி, கழகத்தின் வரவுசெலவைக் கடிக்கத் தொடங்குகிறது. கட்டடத்தையும் விமான நிலையத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன என்ற யோசனை அங்கே பிறக்கிறது.

எழுதிக் கொடுக்கச் சட்டத்தில் வழி உண்டு. சொல்லப்போனால், ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. அவற்றுள் மிக எளிதாகத் தோன்றும் வழியே பயணிகளுக்கு மிகக் குறைந்த காப்பைத் தருகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

பத்திரத்தோடு வரும் வில்லங்கம்

மானியத்தில் எழுந்த கட்டடம் கழகத்தின் பெயரில் இருந்தாலும் அதில் கூட்டாட்சி அரசுக்கு ஒரு பங்கு தொடர்ந்து இருக்கிறது. கட்டடம் இனித் தேவையில்லை என்றானால், கூட்டாட்சி மானிய விதித்தொகுப்பின் 200.311ஆம் பிரிவு மூன்று வழிகளைக் காட்டுகிறது: அரசின் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கட்டடத்தை வைத்துக்கொள்ளலாம், விற்று அந்தப் பங்கைச் செலுத்தலாம், அல்லது மானியம் தந்த துறைக்கோ, அது ஒப்பும் வேறொருவருக்கோ மாற்றிக் கொடுக்கலாம். திருப்பித் தரும் தொகை கட்டிய காலத்துச் செலவைப் பொறுத்ததன்று. இன்றைய சந்தை மதிப்பைப் பொறுத்தது. மானியம் 80 விழுக்காடு, இன்றைய மதிப்பு 5 கோடி டாலர் என்றால், அரசின் பங்கு 4 கோடி. நட்டத்தில் ஓடும் எந்தக் கழகமும் இந்தக் கணக்கைக் கண்டு பின்வாங்கும்.

பொதுப்போக்குவரத்துச் சட்டம் இதற்கு ஒரு விலக்கைத் தருகிறது. அமெரிக்கச் சட்டத்தொகுப்பின் 49ஆம் தலைப்பின் 5334(எச்) பிரிவின்படி, தேவையற்றுப் போன சொத்தை உள்ளாட்சி அமைப்பு ஒன்றிடம் பொதுப் பயனுக்காக ஒப்படைக்கலாம். ஒரு டாலரும் திருப்பித் தர வேண்டியதில்லை. அந்தப் பயன் பொதுப்போக்குவரத்து அல்லாததானால் நிபந்தனைகள் நான்கு. ஒப்படைத்த பின் சொத்து குறைந்தது 5 ஆண்டுகள் பொதுப் பயனில் இருக்க வேண்டும். மானியத்துக்குத் தகுதியுள்ள வேறு போக்குவரத்துத் தேவை எதற்கும் அது பயன்பட வேண்டியதாக இருக்கக் கூடாது. அரசு தன் பணத்தை மீட்பதைவிட ஒப்படைப்பதால் வரும் நன்மை பெரிதாக இருக்க வேண்டும். நிலமோ கட்டடமோ ஆனால், கூட்டாட்சி அரசின் பயனுக்காக அதைக் கேட்பவர் இல்லை என்பது ஆராய்ந்து உறுதிசெய்யப்பட வேண்டும்.

இங்கேதான் சிக்கல். நாள்தோறும் பேருந்து வந்து நிற்கும் நிலையத்தை எப்படித் ‘தேவையற்றது’ என்று எழுதுவது? எழுதினாலும், சட்டம் கேட்பது பொதுப் பயனையே. பேருந்து நிலையமாகவே அது நீடிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. விமான நிலையத்தின் அலுவலகமாக மாறினாலும் நிபந்தனை நிறைவேறிவிடும். அதுவும் 5 ஆண்டுகளுக்குத்தான். கூட்டாட்சிப் பொதுப்போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டுதலோ இத்தகைய கான்கிரீட், எஃகுக் கட்டடங்களுக்கு 40 ஆண்டு ஆயுள் கணிக்கிறது.

விமான நிலையத்தின் கருவூலம்

கைமாற்றத்தை ஆதரிப்பவர்களிடம் வலுவான ஒரு காரணம் இருக்கிறது. விமான நிலைய வருவாயை வெளிவேலைகளுக்குச் செலவிடக் கூட்டாட்சிச் சட்டம் தடை போடுகிறது. விமான நிலையம் தானே உரிமை கொண்ட, அல்லது தானே இயக்கும், விமானப் பயணத்தோடு நேரடியாகவும் கணிசமாகவும் தொடர்புடைய வசதிகளுக்கே அந்தப் பணம் போகலாம். ஆகவே உரிமை மாறினால் பராமரிப்புக்குப் புதிய ஊற்று திறக்கும்.

ஆனால் அந்த ஊற்றுக்கும் விலை உண்டு. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கு அந்த வட்டாரத்தின் ‘பார்ட்’ ரயிலை நீட்டியபோது, வளாகத்துக்குள் அமையும் நிலையத்துக்கான கட்டமைப்புகளுக்கு விமான நிலைய வருவாயைச் செலவிடக் கூட்டாட்சி வான்போக்குவரத்து நிர்வாகம் 1996இல் இசைந்தது. அவை முழுக்க வளாகத்துக்குள் இருந்ததும், விமான நிலையத்துக்கு வந்துபோகிறவர்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டதும் அந்த இசைவுக்கு அடிப்படை. ரயில் 2003 ஜூனில் ஓடத் தொடங்கியது. அங்கே அந்தத் தர்க்கம் பொருந்தியது. வேலைக்குப் போகும் நகரவாசிகள் பேருந்து மாறி ஏறும் ஒரு நிலையத்துக்கு அதே தர்க்கத்தைப் பொருத்தினால், அவர்கள் தற்செயலாக வந்து போகிறவர்கள் ஆகிவிடுவார்கள்.

சான் பிரான்சிஸ்கோ இன்னொன்றையும் காட்டுகிறது. இந்த நீட்டிப்பு பார்ட் ரயிலை நடத்தும் மாவட்டத்தில் சேராத சான் மட்டேயோ கவுண்டியின் வழியே செல்கிறது. எதிர்பார்த்த அளவு பயணிகள் வரவில்லை. இயக்கச் செலவைச் சுமந்த அந்தக் கவுண்டியின் போக்குவரத்துக் கழகம் 2007இல் உடன்பாட்டின் மூலம் அந்தப் பொறுப்பிலிருந்து விலகியது. சுமையை மாற்ற வேண்டுமென்றால் உரிமையை மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

உரிமை, இயக்கம், கட்டுமானம் மூன்றும் வெவ்வேறு கைகளில் இருக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு மயாமி சான்று. அங்கே விமான நிலையத்தை ஒட்டிய பன்முகப் போக்குவரத்து மையத்தைக் கட்டியது ஃபுளோரிடா மாநிலப் போக்குவரத்துத் துறை. மெட்ரோ ரயில் 2012இலும், புறநகர் ரயிலான ட்ரை-ரயில் 2015இலும் வந்து சேர்ந்தன. நெடுந்தூர ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்குக்கென்று அமைத்த நடைமேடை மட்டும் அதன் நீளமான வண்டிகளுக்குப் போதவில்லை. வண்டியின் வால் பக்கத்துத் தெருவை மறித்து நிற்கும் நிலை. உரிமையாளர் மாறும்போதும் இதே ஆபத்து உண்டு: பயன்படுத்துகிறவரின் தேவை எழுத்தில் இல்லாவிட்டால் யாருக்கும் அது கடமையாகாது.

எந்த வழி?

பேருந்து இன்னும் ஓடும் நிலையத்துக்குப் பொருத்தமானது, கடமைகளையும் சேர்த்து மாற்றும் வழியே. மானியம் தந்த நிர்வாகத்தின் ஒப்புதலோடு, அதே போக்குவரத்துப் பயனுக்காக, மானிய நிபந்தனைகளை முழுவதும் ஏற்றுக்கொண்டு விமான நிலையம் கட்டடத்தைப் பெற வேண்டும். பேருந்துகளின் நுழைவுரிமை, அவற்றிடம் வசூலிக்கும் கட்டணத்தின் உச்சவரம்பு, பயன் மாறினால் கட்டடம் கழகத்துக்கே திரும்பும் விதி ஆகியவை எஞ்சிய ஆயுட்காலம் முழுவதற்கும் பத்திரத்தில் ஏற வேண்டும்.

விமான நிலையம் இதற்குத் தயங்கலாம். தயக்கத்தில் நியாயமும் உண்டு. வான்போக்குவரத்து மானியத்துக்காக அது அளித்த உறுதிமொழிகள், தன் வளாகத்தின் மீதான அதிகாரத்தை விட்டுக்கொடுக்காதே என்கின்றன. அப்படியானால் பத்திரத்தைத் தொட வேண்டாம். வான்போக்குவரத்து நிர்வாகத்தின் 1999ஆம் ஆண்டு வருவாய்க் கொள்கை, பொது உடைமையான போக்குவரத்து நிலையங்களுக்குச் சந்தை விலைக்கும் குறைந்த வாடகையில் வளாக நிலத்தைத் தர இடமளிக்கிறது. நிலையம் விமானப் பயணிகள், வருகையாளர்கள், ஊழியர்கள் ஆகியோரின் போக்குவரத்தோடு நேரடித் தொடர்புடையதாக இருந்தால் போதும். அந்த வாடகைச் சலுகையில் மிச்சமாகும் பணத்தைக் கழகம் கூரைக்கும் துப்புரவுக்கும் செலவிடலாம். கட்டடம் கழகத்தின் பெயரிலேயே இருக்கும். 40 ஆண்டுக் கணக்கும் அறுபடாது.